டிசைன் காட்ட மறுக்கும் சின்ன ஸ்டூடியோவை நம்பி வேலை கொடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். நிறுவனத்தின் வெப்சைட்டை மாற்றியமைக்க மூன்று இடங்களில் விசாரித்திருக்கிறீர்கள். இரண்டு பெரிய ஏஜென்சிகள் ஒரே வாரத்தில் பளபளவென்று ஹோம்பேஜ் மாதிரிகளோடு வந்துவிட்டன. நான்கே பேர் இருக்கும் மூன்றாவது ஸ்டூடியோ எதையும் வரைந்து காட்டவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுவிட்டு, “தளத்தின் அமைப்பு முடிவாகாமல் டிசைனைத் தொட மாட்டோம். உங்கள் வேலையை எடுப்பதா வேண்டாமா என்பதையே யோசித்துத்தான் சொல்வோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது தொழில் நேர்மையா, தலைக்கனமா என்பது உங்கள் சந்தேகம்.

பெரும்பாலும் நேர்மைதான். ஆனால் இதே வசனத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு நேரத்தையும் பணத்தையும் கரைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகையையும் எப்படிப் பிரித்தறிவது என்று பின்னால் சொல்கிறேன். நானும் பல வருடங்களாகச் சின்ன ஸ்டூடியோக்களில் தள அமைப்பு வேலைதான் பார்க்கிறேன், ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

உங்களுக்கு உறுத்துவது இரண்டு விஷயங்கள்: டிசைனைக் காட்டாதது, வேலையைத் தேர்ந்தெடுத்து எடுப்பது. இவை இரண்டு தனித்தனிப் பழக்கங்கள் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை, முதலாவதை உண்மையாகச் செய்கிறவர்களுக்கு இரண்டாவது தானாக வந்து சேர்ந்துவிடும். ஏன் என்று புரிய, ‘அமைப்பு’ என்று அவர்கள் சொல்வதில் என்னென்ன அடங்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.

பலரும் அதை மெனு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெனு கடைசியில் கிடைப்பது. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. தளத்தில் எத்தனை வகையான தகவல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மற்றதோடு என்ன உறவு, எது நிரந்தரம், எது நாள் கடந்தால் மறைய வேண்டியது, எந்தத் தகவலை யார் எழுதுவார், தப்பாகிப்போனால் யார் திருத்துவார். 2000-ஆம் ஆண்டு ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வெப்சைட் வடிவமைப்பாளர் ஒரே பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். கீழிருந்து மேலாக ஐந்து அடுக்குகள். பிறகு எழுதிய புத்தகத்தில் அவற்றுக்கு அவர் வைத்த பெயர்கள்: நோக்கம், எல்லை, அமைப்பு, எலும்புக்கூடு, மேற்பரப்பு. நிறமும் எழுத்துருவும் படங்களும் ஐந்தாவதில் வருகின்றன. உங்களிடம் ஒரு வாரத்தில் ஹோம்பேஜ் காட்டியவர்கள் நேராக அந்த ஐந்தாவதைக் காட்டியிருக்கிறார்கள். கீழே உள்ள நான்கையும் ஊகித்துக்கொண்டார்கள், அல்லது போன கிளையண்டின் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதில் மோசடி எதுவும் இல்லை. வேலை கிடைக்க அதுதான் வழி என்று சந்தை அவர்களைப் பழக்கியிருக்கிறது.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் இந்த வேலை பொதுவாகப் பேசினால் காற்றில் கம்பு சுற்றுவது போலத் தோன்றும். ஒரு பயிற்சி நிறுவனத்தின் தளம். பல பாடங்கள் நடத்துகிறார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் வருடத்தில் சில பேட்ச்கள். புது பேட்ச் தொடங்கும்போதெல்லாம் அலுவலகத்தில் இருப்பவர் பழைய பக்கத்தை நகலெடுத்து, தேதியை மாற்றி, புதுப் பக்கமாக ஏற்றிவிடுவார். இப்படியே போய் ஒரே பாடத்துக்கு ஒரு கொத்துப் பக்கங்கள் சேர்ந்துவிட்டன. கூகுளில் தேடினால் முதலில் வருவது எப்போதோ முடிந்துபோன பேட்ச், காரணம் வெளித்தளங்களிலிருந்து லிங்க் கிடைத்திருப்பது அந்தப் பழைய பக்கத்துக்குத்தான். கட்டண விவரம் ஒரு பிடிஎஃப்புக்குள். அடுத்த பேட்ச் தேதி ஹோம்பேஜில் ஓடும் பேனர் படத்துக்குள், அதாவது தேடுபொறியும் படிக்காது, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளும் படிக்காது. ஆசிரியர் ஒருவரின் பெயர் மூன்று பக்கங்களில் மூன்று ஸ்பெல்லிங். நிறுவனம் கேட்டு வந்ததோ “கொஞ்சம் மாடர்னா ஒரு லுக்”.

இதில் லுக்கை மாற்றினால் என்ன நடக்கும்? பழைய பேட்ச் பக்கங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதே இடத்தில் நிற்கும்.

அமைப்பிலிருந்து தொடங்குகிறவர் முதலில் கவனிப்பது, பாடம் வேறு, பேட்ச் வேறு என்பதை. பாடம் நிலையானது. என்ன கற்றுத்தருகிறார்கள், யாருக்கு ஏற்றது, முன்தகுதி என்ன என்பதெல்லாம் அதனோடு போகும். பேட்ச் வரும், போகும். தொடங்கும் நாள், நேரம், ஆசிரியர், மீதமிருக்கும் இடங்கள் அதனுடையவை. ஆகவே பாடத்துக்கு ஒரே பக்கம், மாறாத முகவரியோடு. பேட்ச் என்பது அந்தப் பக்கத்துக்குள் ஒரு வரி, தேதி கடந்ததும் தானே விலகிவிடும். ஆசிரியருக்குத் தனிப் பதிவு, பெயரை ஒரே இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் அதுவே வரும். இவ்வளவும் ஒரு வெள்ளைத்தாளில் நாலைந்து பெட்டிகளும் கோடுகளும்தான், பார்க்க எந்தக் கவர்ச்சியும் கிடையாது. ஆனால் பெட்டிகளை நிரப்பும்போதுதான் இப்படியொரு உரையாடல் நடக்கும்:

“கட்டணம் பாடத்துக்கா சார், பேட்சுக்கா?”

“பாடத்துக்குத்தான்.”

“அப்போ வீக்எண்டு பேட்ச்சுக்கும் அதே கட்டணமா?”

“இல்ல, அதுக்குக் கொஞ்சம் கூட வாங்குவோம்.”

“அந்தக் கூட எவ்வளவுன்னு எங்கே எழுதியிருக்கு?”

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஃபோன் செய்து கேட்பவருக்கு மட்டும் சொல்வது வழக்கம், அதிலும் எடுத்துப் பேசுபவரைப் பொறுத்துத் தொகை மாறும். இந்தக் கேள்விக்கு டிசைனர் பதில் சொல்ல முடியாது. நிறுவனமே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது. ஸ்டூடியோ கேட்கும் கேள்விகளில் பாதி இப்படித்தான் இருக்கும், அதனால்தான் எரிச்சலூட்டுகிறது. வெப்சைட் கேட்டுப் போனோம், நம் நிர்வாகத்தைக் குடைகிறார்களே என்று தோன்றும்.

முடிவெடுத்த பிறகு டிசைன் வேலை எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாடப் பக்கத்தில் எது பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற விவாதமே எழவில்லை: அடுத்த பேட்ச் தேதி, அதன் கட்டணம், சேர்வதற்கான பட்டன். ஹோம்பேஜில் ஓடிக்கொண்டிருந்த பேனருக்கு வேலை இல்லாமல் போனது. அது இத்தனை நாளும் சுமந்த செய்தி தனக்கு உரிய இடத்துக்குப் போய்விட்டது. “பேனரை எடுத்துவிடலாம்” என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் பெரிய சண்டை நடந்திருக்கும்.

மெல்வின் கான்வே என்ற கணினியாளர் 1968-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கவனிப்பு உண்டு. ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எந்த அமைப்பும் அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் நகலாகவே வந்து நிற்கும் என்றார். மென்பொருளுக்காகச் சொன்னது, வெப்சைட் மெனுக்களுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. மெனுவில் வரிசையாகத் துறைகளின் பெயர்கள் இருக்கும். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு அது இயல்பு. வெளியிலிருந்து வருபவருக்குத் தன் சான்றிதழ் நகல் எந்தத் துறையில் கிடைக்கும் என்று எப்படித் தெரியும்? இதைச் சோதிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படாது. தலைப்புகளைச் சீட்டுகளில் எழுதி, நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத சிலரிடம் கொடுத்து, சேர்ந்தவற்றைச் சேர்த்து அடுக்கச் சொல்வார்கள். பிறகு மெனுவை டிசைன் இல்லாத வெறும் பட்டியலாகக் கொடுத்து, “இது வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்?” என்று கேட்பார்கள். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், திருத்துவதற்கு அழிரப்பர் போதும்.

இடையில் ஒன்று. மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று யாராவது அறிவியல் பேசினால் நம்ப வேண்டாம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956 ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பிய எண் அது. அவர் பேசியது மனதில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளக்கூடியவற்றைப் பற்றி. மெனு கண்ணெதிரே இருக்கிறது, யாரும் அதை நினைவில் வைக்க வேண்டியதில்லை. தெளிவான பத்து, குழப்பமான ஐந்தைவிட மேல்.

அமைப்பு முதலில் என்றால் உள்ளடக்கமும் முதலில் என்று அர்த்தம். லோரம் இப்சம் என்று தொடங்கும் பொருளற்ற லத்தீன் வரிகளைப் போட்டு டிசைன் காட்டுவதை இவர்கள் தவிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வரிகள் எப்போதும் பெட்டிக்குள் அழகாக அடங்கும், உண்மையான எழுத்து அடங்காது. தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இது இரட்டிப்பாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் ‘விண்ணப்பிக்க’ என்று போட்டால் இரண்டு வரியாக உடையும். வரிகளுக்கு இடையே இடைவெளி போதாமல் மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் புள்ளியோடு உரசும். உண்மையான தலைப்புகளை வைத்துத் தொடங்கினால் இவையெல்லாம் முதல் நாளே தெரியும். மாதிரி ஒப்புதல் வாங்கிய பிறகு தெரிந்தால் அது தகராறு.

தளத்துக்கு நிரல் எழுதுபவருக்கும் இதே அடித்தளம்தான். பக்கத்தின் நிரலில் எச்1 முதல் எச்6 வரை தலைப்பு நிலைகள் இருப்பது எழுத்தைப் பெரிதாக்க அல்ல. பார்வையற்றவர்களில் பலரும் திரைவாசிப்பானில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் ஒரு பக்கத்தை மேய்கிறார்கள். அமைப்பு தெளிவாக இருந்தால் தலைப்புகள் தாமாக வரிசையில் விழும். பக்கம் ஏறும்போது எழுத்து திடீரென்று கீழே குதிப்பதும் ஓரளவுக்கு இதன் கிளைதான். கூகுள் அந்தக் குதிப்பை அளந்து ஒரு மதிப்பெண் போட்டு, அது 0.1-க்குள் இருந்தால் நல்லது என்கிறது. எந்த இடத்தில் எந்த அளவுப் படம் வரும் என்று முன்பே தெரிந்தால் அதற்கு இடம் ஒதுக்கிவைக்கலாம், குதிப்பு நேராது.

தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரிகள் பற்றியும் கேட்டிருப்பார்கள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று தலைப்பிட்டு ஒரு குறிப்பு எழுதினார். புதுத் தளம் திறந்த மறுநாள் பழைய லிங்க்கை அழுத்தியவர்களுக்கெல்லாம் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழையைக் காட்டினால், வருடக்கணக்கில் சேர்த்த தேடல் மதிப்பு கையைவிட்டுப் போகிறது. பழைய முகவரி ஒவ்வொன்றும் புதியதில் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு எக்செல் தயாரித்து, பழையதற்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் 301 ரீடைரெக்ட் போடுவது அலுப்பான வேலை. யாரும் அதைப் போர்ட்ஃபோலியோவில் காட்ட மாட்டார்கள்.

இப்போது தேர்வு செய்யும் பழக்கத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன வேலையில் பெரும்பகுதி ஒருவர் தலைக்குள் நடக்கிறது. கணக்குப் பிரிவில் ஒருவர் சொன்னதும் வரவேற்பில் இருப்பவர் போகிற போக்கில் சொன்னதும் ஒரே மண்டையில் சந்தித்தால்தான் ‘கட்டணம் பேட்சோடு போக வேண்டியது’ என்ற முடிவு பிறக்கும். இதைப் பிரித்து நான்கு பேருக்குக் கொடுக்க முடியாது, பாதியில் கைமாற்றவும் முடியாது. எனவே நான்கு பேர் இருக்கும் இடம் ஒரே சமயத்தில் ஒன்றிரண்டு வேலைகளைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். ஒரு தவறான கிளையண்டை எடுத்துவிட்டால் வருடத்தின் நல்ல பங்கு போய்விடும். பெரிய ஏஜென்சிக்கு அந்த நஷ்டம் மற்ற வேலைகளில் கரைந்துவிடும், இவர்களுக்குக் கரையாது.

எதைப் பார்த்து மறுக்கிறார்கள்? கிளையண்ட் சின்னவரா பெரியவரா என்பதை நல்ல ஸ்டூடியோக்கள் அதிகம் பார்ப்பதில்லை. முடிவெடுக்கும் ஆள் கூட்டத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். “எல்லாம் முடிந்ததும் எம்.டி.யிடம் காட்டுவோம்” என்றால் எச்சரிக்கை மணி அடித்துவிடும், ஏனென்றால் எம்.டி. பார்க்கப்போவது நிறத்தை மட்டும்தான், ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அமைப்பு முழுவதும் ஆடும். திறப்பு விழா தேதி முதலில் குறிக்கப்பட்டு, வேலை அதற்குள் திணிக்கப்படுகிறதா என்று பார்ப்பார்கள். உள்ளடக்கம் எழுத ஆள் உண்டா என்று கேட்பார்கள். “நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்” என்ற பதிலுக்குப் பின் பல பேச்சுகள் முறிந்திருக்கின்றன. போட்டியாளரின் தளத்தைக் காட்டி “இதே மாதிரி” என்பது உடனே மறுக்கத்தக்க காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் உருப்படியான பதில் வருவது உண்டு. இலவசமாக மாதிரி வரைந்து காட்டச் சொல்வதை மட்டும் பெரும்பாலோர் ஒரேயடியாக மறுத்துவிடுவார்கள், அதன் காரணம் மேலே உள்ள எல்லாவற்றிலும் இருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். அமைப்பு, அமைப்பு என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் வொர்க்‌ஷாப் நடத்தி, சுவர் முழுக்க வண்ணச் சீட்டு ஒட்டி, கடைசியில் கனமான பிடிஎஃப் ஒன்றைக் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு அழகாக ஒன்றைச் செய்யத் தெரியாததை மறைக்கவும் இந்தப் பேச்சு உதவும். அமைப்பைக் காகிதத்திலேயே முழுதாக முடித்துவிட முடியும் என்பதும் உண்மையல்ல. ஃபோன் திரையில் உண்மையான உள்ளடக்கத்தோடு பார்க்கும்போது சில முடிவுகள் உடையத்தான் செய்யும். கைதேர்ந்தவர்கள் அதனால் சீக்கிரமே நிறமில்லாத, அலங்காரமில்லாத பக்கங்களை பிரவுசரில் ஓடவிட்டுக் காட்டுவார்கள், அதைப் பார்த்துப் பெட்டிகளைத் திருத்துவார்கள். டிசைனரும் முதல் கூட்டத்திலிருந்தே உடன் இருப்பார். ‘அமைப்பு முடிந்து கையெழுத்தாகும் வரை டிசைனர் உள்ளே வர மாட்டார்’ என்று ஒரு ஸ்டூடியோ சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆகவே உங்களிடம் பேசியவர்களிடம் திருப்பி நீங்கள் கேளுங்கள். முன்பு செய்த ஒரு தளத்தின் படத்தைக் காட்டச் சொல்லாதீர்கள், அதற்காக அவர்கள் வரைந்த பெட்டி-கோடு தாளைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகச் செய்தவர்கள் உற்சாகமாகி, எந்தப் பெட்டி எங்கே தகராறு செய்தது என்று கதை சொல்லத் தொடங்குவார்கள், கிளையண்ட் பெயரை மறைத்துக்கொண்டாவது. மற்றவர்கள் முறையியல் பற்றி ஒரு ஸ்லைடு காட்டுவார்கள். இரண்டு மூன்று வருடம் முன்பு முடித்த தளம் ஒன்றின் முகவரியையும் வாங்கி இன்று திறந்து பாருங்கள். திறந்த அன்று எல்லாத் தளமும் நன்றாகத்தான் இருக்கும். கிளையண்டின் ஆட்களே அதன் பிறகு பக்கங்களைச் சேர்த்தும் தளம் சிதறாமல் இருந்தால், அடித்தளம் போட்டவர்களுக்கு வேலை தெரியும்.

அவர்கள் உங்களை மறுத்துவிட்டால், காரணம் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் “உள்ளே முடிவெடுக்க ஒரு ஆளை நியமித்துவிட்டு வாருங்கள்” என்பது போல உங்களுக்கு உபயோகமான பதில் வரும், அல்லது வேறு ஆளைச் சொல்லுவார்கள். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினால், அங்கே தலைக்கனம் என்ற உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது.

உங்களுக்கு இவர்கள் தேவையே இல்லாமலும் இருக்கலாம். ஒரே ஒரு நிகழ்ச்சிக்கான பக்கம், அல்லது என்ன செய்கிறோம், எங்கே இருக்கிறோம், எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்றோடு முடிகிற தளம் என்றால் நல்ல டெம்ப்ளேட் ஒன்றை வாங்கி வாரக் கடைசியில் முடித்துவிடலாம். பக்கங்கள் பெருகிக்கொண்டே போவது, பலர் கை வைப்பது, ஒரே தகவல் பல இடத்தில் வருவது, இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே அமைப்பு வேலைக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வரும். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு மூன்றும் இருக்கின்றன.

வேலையைக் கொடுப்பதென்றால் மொத்தமாக ஒப்பந்தம் போடாதீர்கள். அமைப்புக் கட்டத்தைத் தனி வேலையாக, தனிக் கட்டணத்தோடு பிரித்துக் கேளுங்கள். நேர்மையான ஸ்டூடியோ தானே அதைத்தான் முன்மொழியும். அந்தக் கட்டம் முடிந்ததும் இரு தரப்பும் மனஸ்தாபம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்றும், பெட்டி-கோடு தாள், உள்ளடக்கப் பட்டியல், முகவரி எக்செல் மூன்றும் உங்கள் சொத்து, வேறு யாரிடமும் எடுத்துப்போய் மீதியைச் செய்துகொள்ளலாம் என்றும் எழுத்தில் இருக்கட்டும். டொமைன் என்ற தளப் பெயரும், தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங்கும் முதல் நாளிலிருந்தே உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகட்டும். நான்கு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் நோய்வாய்ப்பட்டாலோ விலகினாலோ வேலை நின்றுபோகும் ஆபத்து நிஜம். அப்படி நின்றாலும், அந்த மூன்று கோப்புகளும் கையில் இருந்தால் அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.